எங்கள் தறி வீடு மரபுச் சின்னமா?

(சிவில் மூன்றாம் ஆண்டு மாணவி, அம்மையார்குப்பம்)



ஒரு பழைய கட்டடத்தைக் காட்டி, இதை இடிக்கக்கூடாது, இது மரபுச் சின்னம் என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? நம் பரீட்சையில் இதுவரை இந்தக் கேள்வி வந்ததில்லை. ஆனால் எங்கள் வீட்டில் ஆறு மாதமாக இதே பேச்சுதான். எங்கள் தாத்தா, அவருக்கு அப்பா, எல்லாரும் தறி போட்ட நாட்டு ஓட்டு வீட்டை இடித்துவிட்டு கான்கிரீட் போடலாமா, வேண்டாமா? அப்பா என்னிடம், “நீதானேம்மா சிவில் படிக்கிற, நீ சொல்லு” என்று விட்டுவிட்டார். எங்கள் பரம்பரையில் பத்தாவதைத் தாண்டின முதல் ஆள் நான்தான். அதனால் ஃபியூஸ் போனாலும் என்னைத்தான் கேட்கிறார்கள், உத்திரம் உளுத்துப் போனாலும் என்னைத்தான் கேட்கிறார்கள்!

சட்டம் என்ன சொல்கிறது என்று முதலில் தேடிப் பார்த்தேன். மத்திய அரசின் 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி தொன்மைச் சின்னம் என்றால் குறைந்தது நூறு வருடமாவது ஆகியிருக்க வேண்டும். தமிழ்நாட்டுக்கென்று 1966இல் ஒரு சட்டம் வந்தது. மரபு ஆணையம் அமைப்பதற்காக 2012இல் இன்னொரு சட்டம். எல்லாவற்றையும் சுருக்கினால் மூன்று கேள்விகள்தான் மிஞ்சுகின்றன. வயசு என்ன? வேலைப்பாடு உண்டா? பெரிய மனிதர் யாராவது வாழ்ந்தாரா?

எங்கள் வீட்டுக்கு வயசு எண்பதா தொண்ணூறா என்று ஆயாவுக்கே சரியாகத் தெரியாது. வேலைப்பாடு என்றால் வாசல் நிலையில் இரண்டு பூ செதுக்கியிருக்கிறது, அவ்வளவுதான். பெரிய மனிதர் என்று யாரும் வாழவில்லை. மூன்றிலும் ஃபெயில்.

ஆனால் ஒன்று கவனியுங்கள். இந்த வீடு கட்டினபோது எங்கள் பக்கம் சென்னை மாகாணத்தில், சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது அதோடு போனது. 1956இல் அதுவே ஆந்திரப் பிரதேசம் ஆயிற்று. ம.பொ.சி. முதலானவர்கள் வடக்கு எல்லைக்காகப் போராடியதன் பலனாக 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது. அப்போது அதற்குச் சென்னை மாநிலம் என்று பெயர். 1969இல் தமிழ்நாடு என்று பெயர் மாறியது. வீடு ஓர் அங்குலம்கூட நகரவில்லை, அரசாங்கத்தின் பெயர் மட்டும் தலைக்கு மேலே மாறிக்கொண்டே இருந்தது! உள்ளே இருந்தவர்களுக்கு அந்த வருடங்களில் எல்லாம் ஒரே கவலை, நூல் விலை என்ன, கூலி எப்போது வரும் என்பதுதான். வரலாறு என்று நாம் படிப்பதில் இந்தக் கவலைக்கு ஒரு பாராகூட இல்லை. அதனால்தான் அந்த மூன்று கேள்விகளை மட்டும் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு மார்க் போடுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

நான் கேட்கச் சொல்வது நான்காவது கேள்வி. இந்தக் கட்டடம் ஒரு வேலைக்காகவே உண்டாக்கப்பட்டதா, அந்த வேலையை இதைப் பார்த்துப் புரிந்துகொள்ள முடியுமா?

எங்கள் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். முன்னால் திண்ணை. உள்ளே நுழைந்ததும் நீளமான கூடம். நீளம் ஏன்? கைத்தறியில் பாவை முன்னால் நீட்டி, கயிறு போட்டு, எதிர்ப்பக்கத்துக் கம்பத்தில் இழுத்துக் கட்ட வேண்டும். பாவுக்கு இடம் விட்டபிறகு மிச்சம் இருந்த இடம்தான் மனிதர்களுக்கு. சமையல் கட்டு மூலையில் ஒடுங்கிக் கிடப்பதற்குக் காரணமும் அதுதான். தரையில் குழி, அதுதான் தறிக்குழி. நெசவாளி தரை மட்டத்தில் உட்கார்ந்து, காலைக் குழிக்குள் விட்டு மிதிக்கட்டையை மிதிப்பார். மண்ணை ஒட்டி இருப்பதால் அங்கே எப்போதும் ஒரு குளிர்ச்சி, ஈரப்பதம். பருத்தி நூல் காய்ந்து போனால் பொடுக்கென்று அறுந்துவிடும். ஈரம் இருந்தால் தாங்கும். மண் சுவர் ஒன்றரை அடி கனம், மேலே நாட்டு ஓடு, சித்திரை வெயிலிலும் உள்ளே நூல் வாடாது. தறிக்கு நேர் மேலே கூரையில் ஒரே ஒரு கண்ணாடி ஓடு. அறுந்த இழையைக் கண்டுபிடிக்க அந்த வெளிச்சம் போதும்.

பில்டிங் பிளானிங்கில் காற்று, வெளிச்சம், வெப்பத் தடுப்பு என்று தனித்தனி தலைப்பாக எழுதி மார்க் வாங்குகிறோம். இதைக் கட்டின கொத்தனாருக்குக் கையெழுத்துப் போடத் தெரிந்திருக்குமா என்பதே சந்தேகம். நூல் அறுந்தால் சோறு இல்லை என்பது தெரிந்திருக்கிறது.

தெருவும் அப்படித்தான். எங்கள் தெரு அகலமாக, நேராக இருப்பது தேர் வருவதற்காக என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். அந்தக் காலத்தில் விடியற்காலையில் தெரு நீளத்துக்குப் பாவை நீட்டி, கஞ்சி போட்டு, வெயில் ஏறுவதற்குள் சுருட்டி எடுத்துவிடுவார்களாம். தெருவும் ஒரு தொழிற்சாலைதான். இதைச் சொன்னால் சைட் பிளானில் வீட்டை மட்டும் வரைந்தால் போதாது என்று உங்களுக்கே புரியும்.

இவ்வளவு பெருமை பேசிவிட்டு இடிக்கலாம் என்று சொல்ல முடியுமா என்று கேட்பீர்கள். பொறுங்கள். பெருமை பேசுகிறவர்கள் யாரும் அந்த வீட்டில் மழைக்காலத்தில் படுத்ததில்லை.

ஐப்பசி கார்த்திகையில் ஏழு இடத்தில் பாத்திரம் வைக்கிறோம். ஓடு மாற்ற ஆள் கிடைப்பதில்லை, நாட்டு ஓடும் கிடைப்பதில்லை. விசைத்தறி வந்தபிறகு இரண்டு குழிகளை மூடி சிமெண்ட் போட்டு, போல்ட் அடித்துத் தறியை நிறுத்தினார்கள். நாடா இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு அடித்து நிற்கும்போது தரை அதிர்கிறது, தரை அதிர்ந்தால் மண் சுவர் சும்மா இருக்குமா? ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஏறிக்கொண்டே போகிறது. கைத்தறிக்கென்று கட்டின வீட்டில் விசைத்தறியை ஓட்டுவது மாட்டு வண்டியில் லாரி பாரம் ஏற்றுகிற மாதிரி. விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை 1000 யூனிட் வரை இலவச மின்சாரம் என்று 2023இல் உயர்த்தினார்கள், நல்லது, வாழ்க. ஆனால் அதிர்கிற சுவருக்கு எந்த மானியமும் இல்லை.

இன்னொரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். தறியில் உட்கார்ந்தவர் தாத்தா. ஊரில் நெசவாளி என்று பெயர் வாங்கியவரும் அவர்தான். ஆனால் ராட்டையில் உட்கார்ந்து தார் சுற்றியது ஆயா. கஞ்சி காய்ச்சியது ஆயா. அறுந்த இழையை முடிந்தது ஆயாவும் அவர் நாத்தனாரும். கூலி ஒரே கூலி, அது தாத்தா கையில். ஆயாவுக்கு இன்றைக்கும் நிமிர்ந்து நிற்க முடியாது. இந்த வீட்டை வைத்துக்கொள்ளலாமா ஆயா என்று கேட்டதற்கு, “இன்னாத்துக்கு பாப்பா இத்த கட்டிக்கினு அழற? இடிச்சிட்டு ஒரு பாத்ரூம் உள்ளயே வெச்சுக் கட்டச் சொல்லு உங்கப்பன” என்றார். மரபு பற்றி என்னவெல்லாமோ படித்துவிட்டுப் போன எனக்கு அதற்குமேல் பேச வாய் வரவில்லை.

ஆக, வீட்டில் அறிவு இருக்கிறது. அதே வீட்டில் கஷ்டமும் இருக்கிறது. இரண்டில் ஒன்றை மறைத்துவிட்டுப் பேசுகிறவர்களை நம்பாதீர்கள்.

மற்ற இடங்களில் இதற்கு என்ன செய்திருக்கிறார்கள் என்று பார்ப்போம். நமக்குப் பக்கத்தில் காஞ்சிபுரம். நெசவாளர் குடும்பத்தில் 1909இல் பிறந்த அறிஞர் அண்ணாவின் வீடு அங்கே அரசு நினைவு இல்லமாக இருக்கிறது. 1950களில் கைத்தறித் துணி விற்காமல் தேங்கிக் கிடந்தபோது, தோளில் துணியைச் சுமந்துகொண்டு தெருத்தெருவாக விற்றவர் அவர். அந்த வீட்டைக் காப்பாற்றியது சரியே. ஆனால் அங்கே போகிறவர்கள் அண்ணாவைப் பார்க்கத்தான் போகிறார்கள். முதலமைச்சர் ஆகாத நெசவாளிகள் ஆயிரக்கணக்கில் இருந்தார்களே, அவர்கள் வீடு?

அதற்கு ஒரு பதில் முட்டுக்காடு பக்கத்தில் இருக்கிறது. தட்சிணசித்ரா, 1996இல் திறந்தது. தென்னாட்டில் இடிபட இருந்த பழைய வீடுகளை விலைக்கு வாங்கி, தூண் தூணாக, கதவு கதவாகப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி கட்டியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வியாபாரி வீட்டோடு காஞ்சிபுரத்து நெசவாளர் வீடும், தெலுங்கு தேசத்து இக்கத் நெசவாளர் வீடும் அங்கே இருக்கின்றன. செட்டியார் வீட்டுக்கும் நெசவாளி வீட்டுக்கும் ஒரே மரியாதை கொடுத்ததை நான் கை தட்டி வரவேற்கிறேன். குறை என்னவென்றால், வீடு வந்தது, தெரு வரவில்லை. தெருவில் நீட்டின பாவும் அக்கம்பக்கத்துத் தறிச் சத்தமும் இல்லாத இடத்தில் அந்த வீடு கொஞ்சம் ஊமையாகத்தான் நிற்கும். எங்கள் ஊரிலிருந்து அது நூறு கிலோமீட்டருக்கு மேல் வேறு. டிக்கெட் எடுத்துக்கொண்டு அவ்வளவு தூரம் போய், தான் வாழ்ந்த மாதிரியான வீட்டை எங்கள் ஆயா என்றைக்குப் பார்க்கப் போகிறார்?

பம்பாய்க் கதை இன்னும் யோசிக்க வைக்கிறது. 1920களில் வொர்லி, நாய்காவ் முதலிய இடங்களில் பி.டி.டி. சால் என்று வரிசை வரிசையாக மாடிக் கட்டடங்கள் கட்டினார்கள். குடும்பத்துக்கு 160 சதுர அடியில் ஒரே அறை, மாடிக்குப் பொதுவான கழிப்பறை. பஞ்சாலைத் தொழிலாளர்கள் ஏராளமானோர் அவற்றில் வாழ்ந்தார்கள். நூறு வயசு ஆகப்போகிறது, தொழிலாளர் வரலாறு அத்தனையும் அந்தத் தாழ்வாரங்களில் இருக்கிறது, இடிக்கலாமா என்று வாதம் நடந்தது. குடியிருப்பவர்களுக்குத் தலைக்கு 500 சதுர அடியில் புது வீடு, சொந்தக் கழிப்பறையோடு, காசில்லாமல் என்று திட்டம் வந்தது. 2025 ஆகஸ்டில் வொர்லியில் முதல் 556 குடும்பங்களுக்குச் சாவி கொடுத்தார்கள். 160 சதுர அடியில் பிள்ளை குட்டியோடு படுத்தவர்களிடம் போய், உங்கள் அறை வரலாற்றுச் சிறப்பு வாய்ந்தது, அப்படியே இருங்கள் என்று சொல்ல எனக்கு மனசு வராது. உங்களுக்கு வருமா?

அதே பம்பாயில் பரேல் பகுதியில் உள்ள ஒரு சாலில்தான் அம்பேத்கர் 1912இலிருந்து 1934 வரை குடியிருந்தார். இருபது வருடத்துக்கு மேல்! லண்டனில் படிக்கும்போது அவர் 1921, 22 வாக்கில் தங்கியிருந்த வீட்டை மகாராஷ்டிர அரசு 2015இல் விலைக்கு வாங்கி நினைவகமாக்கியது. வாங்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் என்னைக் கேட்டால், படிப்பதற்கு அறையில்லாத தொழிலாளர் சாலில் உட்கார்ந்து அவர் எப்படிப் படித்தார் என்பதுதான் நம்மைப் போல முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்கள் பார்க்க வேண்டியது. நாமும் தறிச் சத்தத்துக்கு நடுவில் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு அப்ளைடு மெக்கானிக்ஸ் போட்டவர்கள்தானே!

வெளிநாட்டு உதாரணம் ஒன்றே ஒன்று சொல்லிவிடுகிறேன். நியூயார்க்கில் ஆர்ச்சர்ட் தெரு 97ஆம் எண் கட்டடம். 1863இல் ஏழைகளுக்கு வாடகைக்கு விடக் கட்டியது. பிழைக்க வந்த பல நாட்டுக்காரர்கள், சுமார் 7000 பேர், அடுத்தடுத்து அங்கே வாழ்ந்திருக்கிறார்கள். தீத் தடுப்புச் சட்டப்படி மாற்றிக் கட்டச் செலவு செய்ய மனமில்லாமல் 1935இல் உரிமையாளர் குடித்தனக்காரர்களைக் காலி செய்துவிட்டு மாடிகளைப் பூட்டினார். 1988இல் அருங்காட்சியகம் தொடங்க இடம் தேடியவர்கள் போய்ப் பார்த்தபோது, பூட்டின அறைகள் அப்படியே இருந்தன. முன்னறையில் தையல் மெஷின் போட்டு, அதே அறையில் சமைத்து, அதே அறையில் பிள்ளை பெற்ற தையல்காரக் குடும்பத்தின் வாழ்க்கையை இன்று அங்கே காட்டுகிறார்கள். 1994இல் அதைத் தேசியச் சின்னமாகவும் அறிவித்தார்கள். இதில் நான் கவனித்தது ஒன்று. அது காலியாகக் கிடந்த வீடு. அதை வைத்துக்கொள்வதற்காக யாரும் ஒழுகுகிற கூரைக்குக் கீழே இருக்க வேண்டியதில்லை.

இதுதான் என் கட்சி. தொழிலாளி வீடு பாதுகாக்கத் தகுந்ததா என்றால், தகுந்ததுதான், சந்தேகமே வேண்டாம். யார் செலவில் என்பதுதான் சண்டை. ஜமீன்தார் அரண்மனையைப் பாதுகாத்தால் ஜமீன்தார் வேறு பங்களாவில் போய் இருப்பார். தொழிலாளிக்கு இருப்பது ஒரே வீடு. சின்னம் என்று ஒரு போர்டு மாட்டிவிட்டு, ஆணி அடிக்காதே, சுவரைத் தொடாதே என்று சட்டம் பேசினால் அது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. ஊருக்குப் பெருமை வேண்டுமென்றால் ஊர் காசு போட வேண்டும்.

எங்கள் தெருக்கோடியில் ஒரு வீடு பல வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. குடும்பம் பட்டணம் போய்விட்டது. விசைத்தறி அங்கே நுழையவே இல்லை, அதனால் குழி மூடாமல், தறி மரம் பிரிக்காமல், கண்ணாடி ஓடு உடையாமல் இருக்கிறது. திண்ணையில் தாயம் ஆடக் கட்டம் கீறியிருப்பதுகூட அழியவில்லை. அம்மையார்குப்பத்தில் ஒரு தறி வீட்டை நிறுத்தி வைப்பதென்றால் அதைத்தான் நிறுத்த வேண்டும். ஊராட்சியோ, நெசவாளர் கூட்டுறவுச் சங்கமோ சொந்தக்காரருக்கு நியாயமான விலை கொடுத்து வாங்கலாம். வாங்கி, பூட்டி வைக்கக்கூடாது. குழித்தறியில் நெய்யத் தெரிந்த பெரியவர்கள் ஊரில் இன்னும் சிலர் இருக்கிறார்கள், அவர்களுக்குச் சம்பளம் கொடுத்து உட்கார வைக்க வேண்டும். ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலைக்கு லட்சக்கணக்கில் ஜனங்கள் வருகிறார்கள், அதில் நூறு பேர் இங்கே எட்டிப் பார்த்தால்கூடப் போதும். ராட்டைக்கும் தறிக்கு நிகரான இடம் கொடுக்க வேண்டும். தார் சுற்றினவர்களுக்குக் கூலி கிடையாது என்பதையும் எழுதி மாட்ட வேண்டும். இது என் கண்டிஷன்!

இது நடக்குமா என்று கேட்டால், உடனே நடக்காது. எங்கள் வகுப்பில் ஒருவன், “நீ முதல்ல அந்த வீட்டுக்கு எஸ்டிமேட் போடு, அப்புறம் மரபு பேசலாம்” என்றான். கிண்டலுக்குத்தான் சொன்னான், ஆனால் விஷயம் இருக்கிறது. ஓடு மாற்ற எவ்வளவு, உளுத்த உத்திரம் மாற்ற எவ்வளவு, சுண்ணாம்புப் பூச்சுக்கு எவ்வளவு என்று தாளில் காட்டாமல் சங்கத்துக்காரர்கள் காது கொடுக்க மாட்டார்கள். அந்த எஸ்டிமேட்டை நான் போட ஆரம்பித்துவிட்டேன். மண் சுவர் மேல் சிமெண்ட் பூசினால் உள்ளே ஈரம் தங்கிச் சுவர் கெடும், சுண்ணாம்புதான் பூச வேண்டும் என்பதையெல்லாம் இதற்காகத்தான் தேடிப் படித்தேன். சுண்ணாம்பு அரைக்கத் தெரிந்த கொத்தனார் எங்கே கிடைப்பார் என்பது தனித் தலைவலி.

எங்கள் வீட்டுக்கு நான் சொன்ன பதில் வேறு. இடிக்கலாம் என்றுதான் சொன்னேன். சுவர் விரிசல் இன்னும் ஒரு மழையைத் தாங்காது, கீழே ஐந்து பேர் படுக்கிறார்கள். வாசல் நிலையையும், நல்லா இருக்கிற இரண்டு உத்திரங்களையும், அந்தக் கண்ணாடி ஓட்டையும் எடுத்து வைத்துப் புது வீட்டில் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். பாத்ரூம் உள்ளேயே வருகிறது. விசைத்தறிக்குத் தனி ஷெட், தனி அஸ்திவாரம், அதிர்ச்சி வீட்டுச் சுவருக்கு வராத மாதிரி இடைவெளி விட்டு. பிளான் என்னுடையதுதான், கையெழுத்துப் போடத்தான் எனக்கு இன்னும் லைசென்ஸ் இல்லை!

ஆனால் இடிப்பதற்கு முன்னால் ஒரு வேலை செய்தாக வேண்டும் என்று அப்பாவிடம் கேட்டு வாங்கியிருக்கிறேன். வீட்டை முழுசாக அளந்து வரைய வேண்டும். பிளான், எலிவேஷன், கூடத்துக்குக் குறுக்கே செக்‌ஷன், தறிக்குழியின் ஆழம், கண்ணாடி ஓட்டிலிருந்து தறிக்கு எவ்வளவு உயரம், எல்லாம். சுவரில் தாத்தா கரியால் எழுதின கூலிக் கணக்கு இருக்கிறது, அதைப் போட்டோ எடுக்க வேண்டும். வரைபடத்தின் ஒரு பிரதியை நம் டிப்பார்ட்மெண்ட் லைப்ரரிக்குக் கொடுப்பேன். நம் பாலிடெக்னிக்கில் நெசவு ஊர்களிலிருந்து வருகிறவர்கள் எத்தனை பேர்! பொதட்டூர்பேட்டை, பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை என்று ஒவ்வொருவரும் தங்கள் தெருவில் இடிபடப் போகிற ஒரு வீட்டை அளந்து கொடுத்தால், ஐந்தாறு வருடத்தில் இந்தப் பக்கத்துத் தறி வீடுகள் அத்தனையும் தாளில் நிற்கும். இதற்கு எந்தச் சட்டமும் வேண்டாம், ஒரு டேப்பும் இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் போதும்.

எங்கள் வீட்டை இடிப்பது தை மாதம் என்று முடிவாகியிருக்கிறது. அதற்குள் அளந்து முடிக்க வேண்டும். தறி மரத்தைப் பரணிலிருந்து இறக்கிப் பூட்டிக் காட்ட ஆயா ஒத்துக்கொண்டார், எந்தக் கட்டை எங்கே சேரும் என்பது இப்போது வீட்டில் அவருக்குத்தான் தெரியும். மெக்கானிக்கல் நண்பர்கள் இரண்டு பேர் வந்தால் தறியைப் பார்ட் பார்ட்டாக வரைந்துவிடலாம். டேப்பின் மறுமுனையைப் பிடிக்க சிவிலில் யார் வந்தாலும் சரி. சாப்பாடு எங்கள் வீட்டில்.